வெள்ளை முடியும் கேளாத காதும்

என் அப்பாவுக்கு முன்நெற்றிக்கு நேர் மேலே, இரண்டு விரல் அகலத்துக்கு, பிறந்ததிலிருந்தே வெள்ளை முடி. மற்ற முடியெல்லாம் கருகருவென்று இருக்க, அந்தக் கற்றை மட்டும் சுண்ணாம்பு தடவியதுபோல் நிற்கும். திருவையாற்றுக்குப் பக்கத்தில் ஆற்றை ஒட்டிய எங்கள் ஊரில் 'வெள்ளை முடிக்காரர் வீடு' என்று கேட்டால் போதும், சின்னக் குழந்தைகூட வழி காட்டும். கதவு எண்ணெல்லாம் தபால்காரருக்கும் மின்வாரியத்துக்கும் மட்டும்தான்.

ஊரார் அந்த முடியை ராசி என்றார்கள். அப்பா மறுக்கவில்லை. சித்திரை மாதம் வருஷத்தின் முதல் உழவாக நல்லேர் கட்டும்போது அவரைத்தான் முன்னால் நிறுத்துவார்கள். இப்போது நல்லேர் என்பது டிராக்டரின் நெற்றியில் சந்தனம் வைத்து ஒரு சுற்று ஓட்டுவதுதான், ஆனாலும் வைக்கிற கை வெள்ளை முடிக்காரர் கையாக இருக்க வேண்டும். நாற்றங்காலில் முதல் பிடி விதையும் அவர் கையால்தான் விழும். அந்த வருஷம் நன்றாக விளைந்தால் முடியின் ராசி. மழையில் நெல் சாய்ந்து முளைத்துவிட்டால் அது வானிலையின் குற்றம். தோல்வியே காணாத அப்படி ஒரு முடியை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

அதே வீட்டில் அப்பாவின் தங்கையும் இருந்தார். எனக்கு அத்தை. பிறந்ததிலிருந்து இரண்டு காதும் கேட்காது, அதனால் பேச்சும் வரவில்லை. வெள்ளை முடி கிடையாது. வலது கண் எல்லோருடையதையும் போலக் கறுப்பு, இடது கண் மட்டும் வெளிர்நீலம். அண்ணனுக்கு முன்நெற்றியில் வந்தது ராசி, தங்கைக்குக் கண்ணில் வந்தது பூனைக்கண். ஊர் அப்படித்தான் பிரித்து வைத்திருந்தது. அத்தையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை, கல்யாணம் செய்து வைக்கவில்லை. விருந்தாளி வந்தால் அத்தை கொல்லைப் பக்கம் போய்விட வேண்டும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னாலும் அவருக்குக் கேட்டிருக்காது, அது வேறு விஷயம். வாசலில் செருப்புச் சேர்ந்தால் அவரே எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார்.

மூன்றாவது நான். எனக்கு முன்நெற்றியில் அப்பாவைப் போலவே வெள்ளைக் கற்றை. கூடவே இடது காது சுத்தமாகக் கேட்காது. பள்ளிக்கூடத்தில் இடது பக்கமிருந்து கூப்பிட்ட ஆசிரியைகளெல்லாம் எனக்குத் திமிர் என்று முடிவு செய்தார்கள். வலது பக்கமிருந்து கூப்பிட்டவர்கள் நல்ல பிள்ளை என்றார்கள். என் மதிப்பெண்கூட நான் உட்கார்ந்த பெஞ்சைப் பொறுத்து ஏறி இறங்கியது.

இந்தக் காதுகளுக்கெல்லாம் எங்கள் வீட்டில் அதிகாரபூர்வமான விளக்கங்கள் இருந்தன. அத்தையின் காது சின்ன வயதில் வந்த விஷக்காய்ச்சலில் போனது. என் காது அம்மா வழி. அம்மாவின் அண்ணன் முப்பது வருஷம் ரைஸ் மில்லில் வேலை பார்த்தவர். ஓயாத சத்தத்தில் ஐம்பது வயதுக்கு மேல் அவருக்குக் காது மந்தமானது. அது அவருக்கு வேலையால் வந்தது, எனக்குப் பிறவியிலேயே இருந்தது என்று அம்மா பல முறை சொல்லிப் பார்த்தாள். அந்தத் தகவல் எங்கள் வீட்டில் பதிவாகவே இல்லை. "முடி எங்க வழி, காது உங்க வழி," என்பார் அப்பா. பாகப்பிரிவினை அத்தோடு முடிந்தது.

எனக்கு வரன் பார்க்கத் தொடங்கியபோது முதல் தகராறு அந்த முடியைப் பற்றித்தான். டை அடிக்க வேண்டும் என்றாள் அம்மா.

"அது ராசி முடி. அதுல மையைப் பூசுவியா?" என்றார் அப்பா.

"ராசி உங்களுக்கு. பொண்ணுக்கு இருந்தா நரைன்னு சொல்லுவாங்க."

கடைசியில் அம்மா ஜெயித்தாள். பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம் என்னைப் பார்க்க வந்தபோது என் தலை முழுக்க ஒரே கறுப்பு. அத்தை கொல்லையில் இருந்தார். மாப்பிள்ளையின் அம்மா என் இடது பக்கம் வந்து உட்கார்ந்து ஏதோ கேட்டிருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை, தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் முறையும் கேட்டிருக்கிறார். அப்போதும் தரைதான்.

"பரவால்ல, இந்தக் காலத்துல இவ்வளவு அடக்கமான பொண்ணைப் பாக்கறது கஷ்டம்," என்று அவர் சொன்னதாக அம்மா பிறகு சொன்னாள். என் முகத்தையும் புகழ்ந்தாராம். கண்கள் இரண்டும் நன்றாகத் தள்ளி, அகலமாக, அம்மன் முகம் மாதிரி லட்சணமாக இருக்கிறதாம். ஆக என் செவிட்டுத்தனத்துக்கு அடக்கம் என்றும், என் கண்களின் இடைவெளிக்கு லட்சணம் என்றும் பெயர் கிடைத்து, கல்யாணம் நிச்சயமானது.

கல்யாணமான இரண்டாம் வாரம் என் வீட்டுக்காரரிடம் நானே சொல்லிவிட்டேன். தஞ்சாவூரில் காய்கறி வாங்கிக்கொண்டு நடந்துகொண்டிருந்தோம். அவர் ஏதோ சொல்லியிருக்கிறார், நான் பதில் பேசவில்லை.

"எம்மேல கோவமா?" என்று எதிரே வந்து நின்றார்.

"இல்லைங்க. எனக்கு அந்தக் காது கேக்காது. பொண்ணு பாக்க வந்தப்பவே சொல்லியிருக்கணும். சொல்லல. முடியும் டைதான், உள்ள வெள்ளையா இருக்கும்."

பையைக் கை மாற்றிக்கொண்டார். பிறகு என் வலது பக்கம் வந்து நடக்க ஆரம்பித்தார். "அப்ப எங்கம்மா கேட்ட கேள்விக்கு நீ பதில் சொல்லவே இல்லையா?" என்றார் கொஞ்ச தூரம் போனதும்.

"என்ன கேட்டாங்க?"

"மாமியாரோட ஒரே வீட்ல இருப்பியான்னு."

அன்று நாங்கள் இருவரும் சிரித்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நாங்கள் வேலைக்காகத் தஞ்சாவூரிலேயே வீடு எடுத்துவிட்டதால் அந்தக் கேள்வி மறுபடி எழவில்லை.

எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மருத்துவமனையில் குழந்தையைத் துடைத்துக் கொண்டுவந்தபோது நான் முதலில் பார்த்தது நெற்றியைத்தான். ஈரத் தலையின் முன்னால், பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளைக் கற்றை. கண்கள் இரண்டும் சாம்பல் கலந்த நீலம். அப்பா ஊர் முழுக்க ஜாங்கிரி கொடுத்தார். "என் பேத்தி, பாத்தாலே தெரியுதில்ல," என்று வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்களிடம் தன் தலையைக் குனிந்து காட்டினார். அவர்கள் குழந்தையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்து ஒத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு அனுப்பும் முன்பு ஒரு பெண் சின்ன மெஷினோடு வந்து குழந்தையின் காதில் ஒன்றை வைத்துப் பார்த்தார். இரண்டு காதிலும் சரியாக வரவில்லை, ஒரு மாதம் கழித்து மறுபடி வாங்க என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

"காதுல தண்ணி இருக்கும்," என்றார் என் மாமியார்.

"மெஷின்ல சார்ஜ் இல்ல, நான் பாத்தேன்," என்றார் அப்பா.

உண்மையைச் சொன்னால், சார்ஜ் இல்லை என்பதை நம்புவதுதான் எனக்கும் வசதியாக இருந்தது. அந்தச் சீட்டை பீரோவில் வைத்தேன். ஒரு மாதம் இரண்டரை மாதம் ஆனது.

அப்போது நான் பிள்ளைப்பேற்றுக்காக அம்மா வீட்டில் இருந்தேன். கோயில் திருவிழாவில் எங்கள் தெருமுனையிலேயே வேட்டு போட்டார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, மாடு கயிற்றை இழுத்தது, குழந்தை அசையாமல் தூங்கியது. உறவுக்காரப் பெண்கள் மோவாயில் கை வைத்தார்கள். "என்ன சமத்துப் புள்ள பாரு. எங்க வீட்ல இந்நேரம் ஊரைக் கூட்டியிருக்கும்." எங்கள் வம்சத்தில் காது கேளாமைக்குக் கிடைத்த இரண்டாவது பாராட்டு அது.

மறுநாள் மத்தியானம் அத்தை என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். தூளியில் குழந்தை விழித்துக்கொண்டிருந்தது. அத்தை அதன் தலைமாட்டுக்குப் பின்னால், அது பார்க்க முடியாத இடத்தில் போய் நின்று, ஒரு பித்தளைத் தாம்பாளத்தைக் கரண்டியால் ஓங்கித் தட்டினார். எனக்குக் கேட்கிற ஒரு காதே கூசியது. குழந்தை தன் விரலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. மறுபடியும் தட்டினார். பிறகு தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டுத் தன் காதைத் தொட்டார், கையை இல்லை என்று ஆட்டினார். குழந்தையின் காதைத் தொட்டார், அதே கை. கடைசியில் இரண்டு கையிலும் எல்லா விரல்களையும் விரித்துக் காட்டினார். குழந்தை பிறந்த பத்தாம் நாளே தெரியும் என்கிறார்.

சத்தத்தையே அறியாதவர்தான் அந்த வீட்டில் சத்தத்தைச் சோதித்துப் பார்த்தவர். காது கேட்கிற பத்துப் பேர் குழந்தையைச் சமத்து என்று கொஞ்சிக்கொண்டிருந்தோம். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அத்தை அழவில்லை. என் முந்தானையை எடுத்து என் முகத்தைத் துடைத்துவிட்டு, பீரோவைக் காட்டினார். அந்தச் சீட்டு எங்கே இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

தஞ்சாவூரில் காது டாக்டர் குழந்தையைத் தூங்க வைத்து, தலையில் ஒயர்களை ஒட்டி, நரம்புக்குச் சத்தம் போகிறதா என்று பார்த்தார். இரண்டு பக்கமும் போகவில்லை. பிறகு குழந்தையின் நெற்றியைப் பார்த்தார், என் நெற்றியைப் பார்த்தார். பிள்ளைப்பேறு சமயத்தில் டை அடிக்காததால் என் முடி வெளிப்பட்டிருந்தது.

"உங்க வீட்ல இந்த மாதிரி வேற யாருக்காவது இருக்கா?"

"எங்கப்பாவுக்கு."

"அப்பாவையும் அழைச்சிட்டு வாங்க. மரபணு ஆலோசகர் ஒருத்தங்க வாராவாரம் வர்றாங்க. அவங்களைப் பாத்துடுங்க."

தன் முடியைப் பார்க்க டாக்டரே விரும்புகிறார் என்று தெரிந்ததும் அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். அம்மாவும் வந்தாள். ஆலோசகர் என்னைவிட வயதில் சின்னப் பெண். ஒரு வெள்ளைத் தாளில் ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம் என்று எங்கள் குடும்பத்தை வரைய ஆரம்பித்தார்.

நான் தாலுகா ஆபீசில் வேலை பார்ப்பவள். வாரிசுச் சான்று கேட்டு வருகிறவர்கள் தினமும் என் மேஜைக்கு வருகிறார்கள். சொத்தில் பங்கு கேட்பார்கள் என்று அக்கா தங்கைகளை மறந்துவிட்டு எழுதிக் கொடுப்பது அங்கே சாதாரணம். 'கூடப் பிறந்தவங்க வேற யாரும் இல்லையா' என்று மூன்று முறை கேட்க வேண்டும், மூன்றாம் முறைதான் ஒரு தங்கை வெளியே வருவாள்.

"உங்க கூடப் பிறந்தவங்க யாருங்கய்யா?" என்று ஆலோசகர் கேட்டார்.

"ஒரு அண்ணன் இருந்தாரு, தவறிட்டாரு. அவரு நல்லா இருந்தாரு, முடியெல்லாம் கறுப்புதான்," என்றார் அப்பா.

"வேற யாரும் இல்லையா?"

"இல்லம்மா."

மூன்றாம் முறை கேட்க அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. நான் பேனாவை வாங்கி அப்பாவின் சதுரத்துக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டேன். "எங்க அத்தை. ரெண்டு காதும் கேக்காது. ஒரு கண்ணு நீலம்."

"அது காய்ச்சல்ல போனது," என்றார் அப்பா அவசரமாக. "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

"எத்தனை வயசுல காய்ச்சல் வந்துச்சுங்கய்யா?"

"ரெண்டு, மூணு இருக்கும்."

"அதுக்கு முன்னாடி பேசினாங்களா? அம்மா, அப்பான்னு ஏதாவது?"

அப்பா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்த்தாள். நான் வட்டத்தைக் கறுப்பாக நிரப்பினேன், ஏனென்றால் குறை உள்ளவர்களை நிரப்ப வேண்டும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தார். அவர் பேனாவை வாங்கி, அப்பாவின் சதுரத்தையும் அமைதியாக நிரப்பினார்.

"எனக்குக் காது நல்லா கேக்குமே," என்றார் அப்பா.

"தெரியுதுங்கய்யா. முடிக்காகப் போட்டேன்."

தன் முடி குறைக் கணக்கில் எழுதப்பட்டதை அப்பா அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்தப் பெண் ஒரு ஸ்கேலை எடுத்து எங்கள் மூக்கின் மேல் வைத்து, இரண்டு கண்ணின் உள்மூலைகளுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளந்தார். அப்பாவுக்கும் எனக்கும் குழந்தைக்கும் கூடுதல். அம்மாவுக்குச் சரியான அளவு. மாமியார் சொன்ன அம்மன் முகமும் இப்படியாகத் தாளில் ஏறியது.

அடுத்த வாரம் அத்தையையும் அழைத்துப் போனோம். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தார். தன் காரியமாக அவர் தஞ்சாவூர் வந்தது அதுதான் முதல் தடவை. எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார், அத்தை ஊசி இறங்குவதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

ரத்தம் சென்னைக்குப் போய் முடிவு வருவதற்குள் நடவு முடிந்துவிட்டது. அந்த இடைவெளியில் எங்களுக்கு வந்த இலவச ஆலோசனைகளைத் தனிப் புத்தகமாகப் போடலாம். கிரகணத்தின்போது நான் வெளியே வந்திருப்பேன் என்றார் ஒருவர். மாசமாக இருந்தபோது செல்போன் அதிகம் பார்த்தேன் என்றார் தன் செல்போனிலிருந்து தலையை எடுக்காத இன்னொருவர்.

முடிவு வந்த அன்று மறுபடியும் எல்லோரும் போய் உட்கார்ந்தோம். இந்தக் கோளாறுக்கு வாயில் நுழையாத ஒரு வெளிநாட்டு டாக்டரின் பெயர் இருந்தது. எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக இருப்பது, காவிரியையே பார்த்திராத ஒருவரின் பெயரில் பட்டா ஆகியிருந்தது.

"ஒரே ஒரு ஜீன்தான்," என்றார் அந்தப் பெண். "ஒவ்வொரு ஜீனும் நமக்கு ரெண்டு ரெண்டு இருக்கும், அம்மாகிட்டேர்ந்து ஒண்ணு, அப்பாகிட்டேர்ந்து ஒண்ணு. இதுல ஒண்ணு பழுது."

"ஒண்ணு எப்படிங்க?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். "முடி, கண்ணு, காது, மூக்குன்னு நாலு இருக்கே?"

"ஒரு ஜீனுக்கு ஒரே வேலைன்னு கிடையாதுங்க. கரு உண்டான சில வாரத்துல, முதுகுப் பக்கத்துலேர்ந்து ஒரு கூட்டம் செல்லுங்க கிளம்பும். சிலது தோலுக்கும் முடிக்கும் போயி நிறம் குடுக்கும். சிலது கண்ணுக்குப் போகும். சிலது முகத்து எலும்பாகும். சிலது உள்காதுக்குப் போகும். இதுங்களை எல்லாம் தயார் பண்ணி அனுப்பற உத்தரவு இந்த ஜீன்லேர்ந்துதான் போகுது."

"காதுக்குள்ள எதுக்கு நிறம்?" என்றாள் அம்மா. எனக்கும் அதே சந்தேகம் இருந்தது.

"நிறத்துக்காக இல்லம்மா. அதே செல்லுக்கு அங்க வேற வேலை. உள்காதுல இருக்கற நீர்ல உப்புச் சத்து சரியா இருக்கும்படி பாத்துக்கும். அது இல்லைன்னா சத்தம் உள்ள போனாலும் நரம்புக்குச் சேதி போகாது."

அப்பா மேஜையில் இருந்த தாளை, அந்தச் சதுரங்களையும் வட்டங்களையும், பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒரே மதகு," என்றார். "மூணு நாலு வாய்க்காலுக்கு. மதகு பழுதுன்னா எல்லா வயலுக்கும்தான் தண்ணி குறையும். எந்தக் கடைமடை காயுங்கறது அந்தந்த வருஷத்தைப் பொறுத்தது."

"ஆமாங்கய்யா, அப்படித்தான். ஒரே பழுதுதான். மூக்கை விட்டுப் பாத்தா, உங்களுக்கு முடியோட நின்னுடுச்சு. உங்க தங்கச்சிக்குக் கண்ணு, காது. உங்க பொண்ணுக்கு முடியும் ஒரு காதும். ஏன் ஆளுக்கு ஆள் மாறுதுன்னு யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாது."

"அப்ப புள்ளைக்குப் போனது என் மதகுலேர்ந்து."

"குத்தம்னு இல்லைங்கய்யா. யாரும் தெரிஞ்சு குடுக்கறது இல்ல."

"குத்தம்னு நான் சொல்லலம்மா. எங்கேர்ந்து போச்சுன்னு கேட்டேன்."

அந்தப் பெண் ஆமாம் என்று தலையசைத்தார். அம்மாவின் ரத்தத்தில் அந்தப் பழுது இல்லை என்பதும் அறிக்கையில் தெளிவாக இருந்தது. அம்மா தன் பெயர் இருந்த வரியின் மேல் விரலை வைத்து, எழுத்துக்கூட்டிப் பார்த்தாள். இத்தனை வருஷமாக அவள் அண்ணனின் ரைஸ் மில்லை இழுத்து அவள் தலையில் வைத்திருந்தார்கள். கோபப்படுவாள், அழுவாள், அப்பாவை நாலு வார்த்தை கேட்பாள் என்று நினைத்தேன். எதுவும் செய்யவில்லை. வெளியே வந்ததும் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள்.

"மாப்ள, இதை எங்கயாவது லேமினேட் பண்ணிக் குடுங்க."

ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒரு ஜெராக்ஸ் கடையில் செய்து கொடுத்தார். பத்திரம், பட்டா, சிட்டா எல்லாம் இருக்கும் இரும்புப் பெட்டியில் இப்போது அதுவும் இருக்கிறது. விருந்தாளி வந்து பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால், அம்மா போய் எடுத்துக்கொண்டு வருவாள். அதில் பாதி இங்கிலீஷ், வருகிறவர்களுக்கும் புரியாது. அம்மாவுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

ஒரு வாரம் போனது. பிறகு நாங்கள் பார்த்தால், அப்பாவின் தலையில் வெள்ளையைக் காணோம். கடைத்தெரு சலூனில் டை அடித்துக்கொண்டு வந்திருந்தார். ஊரில் பலருக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. அடுத்த போகம் நாற்றங்காலுக்கு அவரைக் கூப்பிட வந்தவர் வாசலில் தயங்கி நின்றார். "நான்தாய்யா, வா," என்று எழுந்து போனார். விதைத்தது நன்றாகவே முளைத்தது. மையடித்த முடிக்கும் ராசி வேலை செய்கிறதா என்று நெல்லைக் கேட்டால்தான் தெரியும்.

குழந்தைக்கு ஒரு வயது தாண்டியதும் அரசு காப்பீட்டில் உள்காதுக் கருவி பொருத்தினார்கள். அதற்கு முன்னும் பின்னும் நாங்கள் அலைந்த அலைச்சலை இங்கே எழுதப் போவதில்லை, அலைந்தவர்களுக்குத் தெரியும். கருவியை முதலில் இயக்கிய அன்று முதல் குரல் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று அப்பா முன்னால் போய் உட்கார்ந்தார். "கண்ணு, தாத்தா பாரு," என்றார். குழந்தை திடுக்கிட்டு, மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தது. பிறகு வீறிட்டு அழுதது. முதல் குரல் என்ற பெருமை அந்த ஃபேனுக்குப் போனது. அப்பா ஒரு மணி நேரம் கழித்துதான் கர்சீப்பைக் கண்ணிலிருந்து எடுத்தார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்மணி, குழந்தையிடம் வாயால் மட்டும்தான் பேச வேண்டும், சைகை வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினோம். அத்தைக்கு அந்த அறிவுரை கேட்கவில்லை. பால், பூனை, மழை, தாத்தா எல்லாவற்றுக்கும் அவரிடம் கையில் ஒரு சொல் இருந்தது, நாங்கள் ஊருக்குப் போகும்போதெல்லாம் அத்தனையையும் குழந்தைக்குக் கொடுத்தார். இப்போது அவளுக்கு மூன்று வயது. வாயால் கொஞ்சமும் கையால் நிறையவும் பேசுகிறாள். எங்களுக்குத் தெரியக் கூடாத விஷயங்களை அத்தையிடம் கையால் மட்டும் சொல்கிறாள்.

குழந்தையின் பரிசோதனைக்குப் போனபோதே, அத்தையின் காதையும் முறையாகப் பார்த்துச் சான்று வாங்கிவிடலாம் என்று அந்த டாக்டர் சொல்லியிருந்தார். இத்தனை வருஷமும் அரசாங்கத்தைப் பொறுத்தவரை அத்தைக்கு நன்றாகக் காது கேட்டுக்கொண்டிருந்தது. படிவத்தில் 'எப்போதிலிருந்து' என்ற இடத்துக்கு நேராக நான் எழுதக் காத்திருந்தேன்.

"பொறவிலேர்ந்துன்னு எழுது," என்றார் அப்பா. அவர் வாயால் அதைக் கேட்க எனக்கு முப்பது வயதுக்கு மேல் ஆக வேண்டியிருந்தது.

படத்தோடு அட்டை வந்தது. அத்தை அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏற ஆரம்பித்தார். பெண்களுக்கு அதில் எப்படியும் கட்டணம் கிடையாது, ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அட்டையைத் தூக்கிக் காட்டுவார். கண்டக்டரும் வாங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். முதலில் திருவையாறு, பிறகு தஞ்சாவூர். அப்பா பயந்தார். "காணாமப் போயிட்டா யாருகிட்ட எப்படிக் கேப்பா?" என்றார். "காணாமப் போயி இத்தனை வருஷமாச்சு, இப்பதான் கெடைக்குது," என்றாள் அம்மா.

சென்ற மாசி மாதம் ஒரு நாள் காலையில் அத்தையைக் காணோம். சமையலறையில் மாட்டியிருந்த காலண்டரில் கடல் படம் இருந்த தாளையும் காணோம். நான் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுக் குழந்தையோடு ஊருக்கு வந்தேன், என் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டில் விசாரித்தார், அப்பா ஆற்றுப் படித்துறைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சாயங்காலம் ஐந்து மணிக்கு அத்தை தானே நடந்து வந்தார். கால் முழுக்க மணல், கையில் ஒரு நாளிதழ்ப் பொட்டலம். பிரித்தால் கருவாடு. பொட்டலத்தோடு அதிராம்பட்டினம் போகும் பஸ்ஸின் டிக்கெட்டும் இருந்தது. தஞ்சாவூரில் ஒரு பஸ், பட்டுக்கோட்டையில் ஒரு பஸ் மாறி, காலண்டர் தாளை ஒவ்வொரு கண்டக்டரிடமும் காட்டிக் காட்டியே போயிருக்கிறார்.

அப்பா வாசலில் நின்று, "எங்க போன, சொல்லிட்டுப் போகக் கூடாதா," என்று சத்தம் போட்டார். அத்தை அவர் வாயைக் கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, பொட்டலத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கால் கழுவப் போனார்.

அம்மா அன்றே குழம்பு வைத்தாள். அத்தை நடுக்கூடத்தில் உட்கார்ந்து, என் பெண்ணுக்குக் கடலைச் சொன்னார். இரண்டு கைகளையும் தரையோடு தள்ளிக்கொண்டு போய், திடீரென்று இழுத்துக்கொண்டார். மறுபடி தள்ளினார். அதற்கு எங்கள் வீட்டில் அதுவரை சொல் கிடையாது. தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்த அப்பா, அந்தக் கைகளைப் பார்த்தபடி இரண்டாம் தடவையும் குழம்பு கேட்டார்.